திரும்பி வரும் எண்ணெய்

ஆறுமுகநேரி உப்பளத்துக்குள் போன லோடு பிக்கப் ஒரே வளைவில் திரும்பி வெளியே வந்துவிடாது. பாத்திகளுக்கு நடுவே போகும் பாதை வண்டியின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் கடைசிவரை ஒடிப்பார், நாலடி முன்னே போவார், நிறுத்துவார். இடப்பக்கம் கடைசிவரை ஒடித்து நாலடி பின்னே வருவார். பின்னால் உப்பு மூட்டை, மேலே பங்குனி வெயில். வண்டி ஓடாததால் முன்பக்கக் கிரில் வழியாகக் காற்றும் அதிகம் புகாது. அந்தச் சில நிமிடங்களில் எஞ்சினைவிடவும் பிரேக்கைவிடவும் அதிகம் வதைபடுவது, பானெட்டுக்குள் ஒரு சிறிய டப்பாவிலும் அதோடு சேர்ந்த குழாய்களிலும் சுற்றிவரும் ஏறத்தாழ ஒரு லிட்டர் சிவப்பு எண்ணெய்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைச் சுற்றி இப்படிப்பட்ட வேலைக்குக் குறைவில்லை. கிழக்கே குரும்பூரைத் தாண்டினால் ஆறுமுகநேரி, காயல்பட்டினம் உப்பளங்கள். வடக்கே தாமிரபரணிப் பாசனத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் வாழைத் தோட்டங்கள். தெற்கே தேரிக்காட்டின் செம்மணல். அதை ஒட்டிப் பனையும் முருங்கையும். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியோடு மீன் வருகிறது. இவற்றைச் சுமப்பவற்றில் பழைய டாடா 207, பழைய பொலேரோ பிக்கப் வண்டிகள் பல. பத்துப் பதினைந்து வயதான இந்த வண்டிகளின் உரிமையாளர்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “காலையில லேசா இருக்கு, மதியம் ஆனா ஸ்டீயரிங் இறுகுது.” அடுத்து “பம்ப் கத்துது.” அதற்கும் அடுத்து “பாக்ஸ் லீக்.” பம்பை மாற்றுவார்கள். சில மாதம் கழித்து அதே குறையோடு அதே வண்டி மறுபடி வந்து நிற்கும்.

பம்பைக் குற்றவாளியாக்குவது பெரும்பாலான நேரம் அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். பம்பைக் கொல்வது வெப்பம். அந்த வெப்பம் வெளியேறுவதற்கென்று விடப்பட்ட ஒரே வழி, யாரும் பெரிதாக மதிக்காத ரிட்டர்ன் பைப்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை அதைக் கண்டுபிடித்தவரிடமிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும். ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் டிரக் பிரிவில் வேலை பார்த்தவர். கனமான டிரக்குகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அருகிருந்து பார்த்தவர். 1920களில் வேலையை விட்டு வெளியேறி, தன் சொந்த முயற்சியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங்கை உருவாக்கினார். 1926இல் அதை ஒரு காரில் பொருத்தி வாகன நிறுவனங்களுக்கு ஓட்டிக் காட்டினார். விலை கட்டுப்படியாகாது என்று கார்த் தொழில் நெடுங்காலம் தயங்கியது. இரண்டாம் உலகப் போரில் கவச வாகனங்களுக்கு அது தேவைப்பட்டது. விற்பனைக்கு வந்த கார் ஒன்றில் அது இடம்பிடித்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில்.

டேவிஸின் நுட்பம் எங்கே இருக்கிறது? அதுவரை இருந்த ஹைட்ராலிக் ஏற்பாடுகள் பலவற்றில் எண்ணெயை எப்போதும் உயர் அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது வால்வைத் திறப்பார்கள். நாள் முழுக்க அழுத்தம் இருந்தால் எங்காவது கசியாமல் இருக்காது. டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார். எண்ணெய் எந்நேரமும் தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு வழியைச் சுருக்கட்டும். அப்போது அழுத்தம் எழட்டும் என்றார். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மடையை அடைத்தால்தான் மேலே ஏறுகிறது. திறந்துவிட்டால் தன்பாட்டுக்கு ஓடுகிறது. இன்றும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் இருக்கும் பிக்கப் வண்டிகளில் நடப்பது இதுதான். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பெரிய இடம் உண்டு: 1987இல் ரானே குழுமமும் அமெரிக்காவின் டிஆர்டபிள்யூவும் கைகோத்துத் தொடங்கிய நிறுவனம் விராலிமலையில் பவர் ஸ்டீயரிங் தயாரித்தது.

பெல்ட்டில் சுழலும் பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. பிரஷர் ஓஸ் வழியாக அது ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகிறது. பாக்ஸின் வாயிலில் மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று இருக்கிறது. ஓட்டுநரின் கை கொடுக்கும் முறுக்கால் அது துளியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலே வால்வை நகர்த்தி எண்ணெயைப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் ரிட்டர்ன் பைப் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. நேர்ச்சாலையில் ஓடும்போது எங்கும் பெரிய அழுத்தமில்லை. சில பார் (அழுத்தத்தின் அலகு) மட்டும்.

ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்திருக்கும்போது கதை மாறுகிறது. சக்கரம் இனித் திரும்ப இடமில்லை. ஆனாலும் கை அழுத்திக்கொண்டே இருக்கிறது. வால்வு மூடியே கிடக்கிறது. பம்ப் நிற்காமல் தள்ளுகிறது. அழுத்தம் எல்லையைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகச் சீறிக்கொண்டு பாய்கிறது. வண்டியைத் திருப்பும்போது வரும் அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் இதுதான். அந்த நேரத்தில் பம்ப் வாங்கும் சக்தியால் எந்த வேலையும் நடப்பதில்லை. அத்தனையும் வெப்பமாகிறது.

எவ்வளவு வெப்பம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கடினமான கணக்கில்லை. அழுத்தம் 100 பார், ஓட்டம் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,000 வாட், வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி எடுக்கும் அளவு. இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: 100 பாரிலிருந்து அழுத்தம் இறங்கி அந்தத் துளையைக் கடக்கும் எண்ணெய் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டிகிரி சூடேறுகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் முழுதும் ஒரு சுற்று வர 10 நொடி. ஆக, ஒடித்துப் பிடித்த ஒவ்வொரு 10 நொடிக்கும் 6 டிகிரி. பம்பின் உடலும் பாக்ஸின் இரும்பும் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும்; ஆனாலும் உப்பளத்தில் வண்டியைத் திருப்பி எடுப்பதற்குள் எண்ணெய் 100 டிகிரியை எட்டுவது வியப்பில்லை. ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடிக்காதீர்கள் என்று வாகனக் கையேடுகள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த 6 டிகிரிதான்.

இனி நேர்ச்சாலைக் கணக்கு. அழுத்தம் 5 பார், ஓட்டம் அதே 6 லிட்டர் என்றால் 50 வாட் மட்டுமே. அந்த 50 வாட்டை வெளியேற்றத்தான் பல வண்டிகளில் ரிட்டர்ன் பைப்பை நேராக டப்பாவுக்குக் கொண்டுவராமல், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வளையம் போடவைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஒரு மீட்டர் நீள இரும்புப் பைப். எண்ணெய் 90 டிகிரி, வெளிக்காற்று 40 டிகிரி, வண்டி ஓடுவதால் முகத்தில் மோதும் காற்று எல்லாம் சேர்ந்தால் அந்தப் பைப் சுமார் 80 வாட்டை இறக்கிவைக்கும். சாலைக்குப் போதும். வண்டி நின்றால் அந்தக் காற்று பெருமளவு நின்றுவிடும். அதே பைப்பால் 20 வாட் அளவுக்குத்தான் முடியும். உள்ளே 1,000 வாட் ஏறிக்கொண்டிருக்க, வெளியே 20 வாட் போகிறது. நெடுஞ்சாலையை மனத்தில் வைத்து வடிவமைத்த ஏற்பாட்டை வாழைத் தோட்டத்து வரப்பிலும் உப்பளப் பாதையிலும் ஓட்டுகிறோம் என்பதை இந்த இரண்டு எண்களும் பளிச்சென்று காட்டுகின்றன.

சூடான எண்ணெய் என்ன செய்யும்? முதலில் நீர்த்துப்போகும். ஏடிஎஃப் என்று கடையில் கேட்டு வாங்கும் சிவப்பு எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் இருக்கும். நீர்த்த எண்ணெய் தேய்ந்த பம்பின் இடுக்குகள் வழியாக நழுவிவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது போதிய அழுத்தம் எழாது. காலையில் லேசாகவும் மதியம் இறுக்கமாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான். அடுத்து, எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடத் தொடங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொது விதி. 80 டிகிரியில் ஓடவேண்டிய எண்ணெய் 110இல் ஓடினால் 8 மடங்கு வேகத்தில் கெடும். கெட்ட எண்ணெய் பழுப்பாகி, கருத்து, தீய்ந்த வாடை அடித்து, பிசினாகப் படியும். மூன்றாவதாக அடி வாங்குவது ஆயில் சீல். இந்தச் சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். நெடுநேரம் 100 டிகிரிக்கு மேல் இருந்தால் இறுகி, விளிம்பு விறைத்து, சுழலும் தண்டோடு ஒட்டி நிற்க முடியாமல் கசியவிடும். ஒரே வெப்பம் மூன்று பெயரில் பட்டறைக்கு வருகிறது.

நம் ஊர் இதற்குமேல் இரண்டைக் கூட்டுகிறது: உப்பும் தேரிப் புழுதியும்.

இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். உப்பளத்தில் வண்டி மேல் படிவது அந்த உப்பு மட்டுமில்லை. உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கிறது. அதற்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும். கடலோரத்தில் பெரும்பாலான நேரம் காற்றில் அதைவிட அதிகம் இருக்கும். அதனால்தான் உப்பள வண்டியின் அடிப்பாகம் நடுப்பகலிலும் முழுதாய்க் காய்வதில்லை. துரு பகலிலும் ஓய்வெடுப்பதில்லை. ரிட்டர்ன் பைப்பில் துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் இடத்திலில்லை. சேஸிஸோடு பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில், ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் உப்புநீர் தங்கும் இடுக்கில்தான் பிடிக்கும். அங்கே ஊசிமுனைத் துளை விழும். எண்ணெய் வியர்வையாகக் கசியும். அதன்மேல் ஆடிக் காற்றில் பறந்துவரும் தேரியின் செம்புழுதி ஒட்டும். நாள்பட நாள்பட வளையம் முழுதும் எண்ணெயும் மண்ணும் கலந்த மேலாடை. துளையும் மறைந்துவிடும், வெப்பம் வெளியேறும் வழியும் மறைந்துவிடும்.

இந்த இடத்தில் பட்டறைகளில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசவேண்டும். துருப்பிடித்த வளையத்தை அறுத்துப் போட்டுவிட்டு, பாக்ஸிலிருந்து டப்பாவுக்கு நேராக ஒரு ரப்பர் ஓஸைக் கொடுத்துவிடுவது. கசிவு நிற்கும்; செலவு குறைவு; வண்டி அன்றே வேலைக்குப் போகும். லோடு வண்டிக்காரருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அந்த அவசரத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓஸ் எண்ணெயின் ஒரே குளிர்ச்சியைப் பறித்துவிடுகிறது. ரப்பர் சுவர் தானே ஒரு வெப்பத் தடுப்பு. ஓடும் காற்றிலும் அது வெப்ப வெளியேற்றத்தைக் கணிசமாகக் குறைக்கும். நீளம் குறைந்ததால் மீதியும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பக்கத்தின் 40 டிகிரிக் காற்றில் நின்ற பாதை இப்போது எஞ்சின் அறையின் கொதிக்கும் காற்றுக்குள் ஓடுகிறது. அடுத்த கோடையில் பம்ப் கத்தும்போது யாருக்கும் அந்த அறுத்த பைப் நினைவுக்கு வராது.

செம்புக் குழாய் போட்டால் நன்றாகக் குளிரும் என்று சிலர் நம்புகிறார்கள். செம்பு வெப்பத்தை இரும்பைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் இங்கே தடையே குழாயின் சுவரில் இல்லை. சுவரிலிருந்து காற்றுக்கு வெப்பம் தாவும் இடத்தில்தான் இருக்கிறது. காற்று தொடும் பரப்பைக் கூட்டினால்தான் பலன். மேலும் செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்வதை ஊக்கவும் செய்யும்.

ஓஸ்களில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது என்பதையும் சொல்லவேண்டும். பிரஷர் ஓஸ் என்பது பின்னல் வலுவூட்டிய, முனையில் இரும்பு இறுக்கிப் பதித்த ஓஸ். அதன் ரப்பர்ப் பகுதி சற்றே விரிந்து சுருங்கி, பம்பின் துடிப்பை விழுங்கிக்கொள்கிறது. முழுக்க இரும்புக் குழாயாக மாற்றிவிட்டால் அந்தத் துடிப்பு சத்தமாக ஓட்டுநரின் கைக்கு வரும். தூத்துக்குடித் துறைமுக வேலைகளால், கனரக இயந்திரங்களுக்கு ஓஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நல்ல வசதி. பழைய ஓஸைக் கொண்டுபோய், அதே அழுத்தம், அதே நீளம், அதே வளைவு என்று கேட்டுச் செய்துகொள்ளலாம். ரிட்டர்ன் ஓஸில் அழுத்தம் குறைவுதானே என்று ரேடியேட்டர் தண்ணீர் ஓஸ் துண்டை மாட்டுவது பெரும் தவறு. தண்ணீர் ஓஸின் ரப்பர் வேறு வகை. மினரல் எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பிக் கிளிப்பை விட்டு நழுவும், உட்பக்கம் சுருங்கி எண்ணெயின் வழியை அடைக்கும். ரிட்டர்ன் அடைத்தால் பாக்ஸின் குறைந்த அழுத்தச் சீல்கள்மேல் வரக்கூடாத அழுத்தம் வரும். பாக்ஸ் லீக் என்று அதைப் பிரித்துச் சீல் போட்டாலும் நிற்காது. எண்ணெய் குறைந்திருக்கிறதென்று பிரேக் ஆயிலை ஊற்றுவதும் இதே வகைக் கேடு. அது நைட்ரைல் சீலை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பிரஷர் ஓஸ் கசிவைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் அருகில் இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எண்ணெய் சிதறினால் தீப்பிடிக்கலாம்.

டப்பாவுக்கும் பம்புக்கும் இடையே உள்ள குட்டி ஓஸையும் மறக்கவேண்டாம். அதன் கிளிப் தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. மாறாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். எண்ணெய் நுரைத்து வெளிர் இளஞ்சிவப்பாகும், பம்ப் கத்தும். வெளியே ஒரு சொட்டுக் கசிவுமில்லாமல் கத்தும் பம்பில் முதலில் பார்க்கவேண்டியது இந்த ஓஸை. அப்புறம்தான் பம்பைக் கழற்றவேண்டும்.

நாசரேத்துக்குக் கைத்தொழிலை மதித்த வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஊழியம் செய்த கனோன் மர்காஷிஸ், பள்ளிப் படிப்போடு தச்சு வேலையும் கொல்லு வேலையும் கற்றுக்கொடுக்கக் கலைத்தொழிற் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளி இன்றும் இருக்கிறது. இரும்பைக் கையில் பிடித்துப் பழகிய ஊர் இந்த வேலையைச் சரியாகச் செய்யமுடியும். இதற்குப் பெரிய கருவிகளும் வேண்டியதில்லை. டப்பாவின் மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலே நிறமும் வாடையும் பாதி நோயைச் சொல்லிவிடும். கருத்திருந்தால் மாற்றவேண்டும். டப்பாவிலிருந்து உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினால் போதாது. பாக்ஸிலும் பைப்பிலும் பழையது பெருமளவு அப்படியே இருக்கும். ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, டப்பாவின் ரிட்டர்ன் வாயை அடைத்து, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டீயரிங்கை மெல்ல இரு பக்கமும் திருப்பிக்கொண்டே புதியதை ஊற்றவேண்டும், சிவப்பாக வரும்வரை. டப்பா ஒரு நொடியும் காலியாகக் கூடாது.

ஓட்டுநர் கையிலும் பாதி மருந்து இருக்கிறது. சக்கரம் நின்ற இடத்திலேயே ஒடிக்காமல், வண்டி அங்குலமாவது நகரும்போது ஒடிப்பது. கடைசிவரை ஒடித்ததும் விரலளவு தளர்த்தி விடுவது. அந்த விரலளவில் வால்வு திறந்துகொள்ளும், அழுத்தம் இறங்கிவிடும், ‘ஸ்ஸ்’ நின்றுவிடும். 1,000 வாட் அங்கேயே விழுந்துவிடுகிறது.

1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ கார் மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங்கோடு வந்தது. இன்று கார்கள் பெரும்பாலும் அந்த வழிக்குப் போய்விட்டன. அதில் எண்ணெயும் இல்லை, ஓஸும் இல்லை. ஆனால் ஏரல் வாழைத்தாரையும் காயல்பட்டினம் உப்பையும் இன்னும் பல ஆண்டு சுமக்கப்போவது இந்தப் பழைய ஹைட்ராலிக் வண்டிகள்தான். உப்பளத்திலும் தோட்டத்திலும் தினம் உழைக்கும் வண்டிக்கு, வெறும் பைப் வளையத்துக்குப் பதிலாகத் தகடுகள் அடுக்கிய அலுமினிய ஆயில் கூலர் ஒன்றைப் பொருத்துவது நல்ல முதலீடு. தகடுகளால் காற்று தொடும் பரப்பு பல மடங்காகும். அதை ரேடியேட்டருக்கு முன்னால், ஃபேன் இழுக்கும் காற்று வரும் இடத்தில் மாட்டவேண்டும். அப்போது வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடும்வரை கொஞ்சம் காற்று கிடைக்கும். உப்பள வேலை முடிந்த மாலை, எஞ்சின் ஆறியபின் கூலரையும் பைப் கிளிப்புகளையும் நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவிவிடவேண்டும். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். கூலரின் இடம் பாக்ஸுக்கும் டப்பாவுக்கும் நடுவில், ரிட்டர்ன் பாதையில் மட்டுமே. பிரஷர் பக்கத்தில் மாட்டினால் 100 பார் அழுத்தத்தை அந்த மெல்லிய அலுமினியம் தாங்காது. முதல் முழு ஒடிப்பிலேயே வெடித்துவிடும்.